டிபன் என்ற சொல்லும் என் அண்ணன் செய்த சத்தியமும்

பஸ் பிரேக் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. ஆரப்பாளையத்தில் பிரேக் சத்தம் புதிதல்ல, நாள் முழுக்கக் கேட்பதுதான். ஆனால் இது என் கடைக்கு நேர் எதிரே கேட்டது.

எட்டிப் பார்த்தால் நடுரோட்டில் என் அண்ணன் மாயாண்டி நிற்கிறார். கண்ணாஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி. அவர் நெஞ்சுக்கும் பஸ்ஸின் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

அண்ணன் அசரவில்லை. “சொல்லிட்டுத்தான் வந்தேன். நீ ஓரமாப் போ” என்றார். பஸ்ஸைப் பார்த்து ஓரமாகப் போ என்று சொல்ல என் அண்ணனால் மட்டும்தான் முடியும்.

நான் கரண்டியோடு ரோட்டுக்கு ஓடினேன். அந்த டிரைவருக்கு என்னை நன்றாகத் தெரியும். முதல் டிரிப்புக்கு முன்னால் என் கடையில் பொங்கல் வாங்காமல் அவர் வண்டியை எடுப்பதில்லை.

“பேச்சியக்கா, ஒங்க ஆளா இது?”

“என் அண்ணன்யா. கூடப் பொறந்தவரு.”

“ஒங்க அண்ணனா? அப்ப எதுக்கு எதிர்த்த கடையில தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு வாராரு?”

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் சிரித்தார். படியில் தொங்கிக்கொண்டிருந்த பையன்கள் விசிலடித்தார்கள். என் தோசை கல்லில் கருகிக்கொண்டிருந்தது. அதைவிட என் முகம் கருகியது.

எதிர்க்கடை இட்லி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பேச்சியம்மாள், பிறந்தது எழுமலை. ஆரப்பாளையத்தில் பஸ் நிலையத்தைப் பார்த்தாற்போல் இருக்கிற ‘பேச்சியம்மாள் டிபன் சென்டர்’ என்னுடையது. தேனிக்குப் போகிறவரும் திண்டுக்கல்லிலிருந்து வருகிறவரும் லாட்ஜில் தங்குகிற வியாபாரியும் என் கை இட்லியைத் தின்னாமல் இந்த ரோட்டைத் தாண்டுவதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அண்ணனுக்கு வலது கண்ணில் புரை. மதுரையில் ஆபரேஷன் ஆனது. “தூசி படக்கூடாது, குலுங்கக் கூடாது, மறுபடி வந்து காட்டுற வரைக்கும் ஊருக்குப் போகாதீங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுமலை பஸ்ஸில் ஏறிவிட்டுக் குலுங்காமல் போவது நடக்கிற காரியமா? மதினிக்கு மாடுகளை விட்டுவிட்டு வர முடியாது. ஆக, அண்ணன் என் வீட்டு மாடியில் வந்து தங்கினார்.

தங்கினார், படுத்தார், குளித்தார். என் கையால் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். நான் போட்ட காப்பியைக் குடித்தார். ஆனால் பசி வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு அந்த ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்.

ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவளுடைய அண்ணன் எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் வாசல் பெஞ்சில், என் கல்லுக்கு நேர் எதிரே! அந்தக் கடை இட்லியை அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பதை நான் இங்கிருந்தே பார்த்தேன். இட்லி என்றால் விரல் பட்டதும் விட்டுக்கொடுக்க வேண்டும். இது மல்லுக்கட்டியது.

என் வாடிக்கையாளர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் என்னைப் பார்த்துவிட்டு எதிர்க்கடையைப் பார்த்தார்கள். கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

ஈரல் தீர்ந்த பந்தி

அண்ணன் என் வீட்டில் ஏன் சாப்பிட மாட்டார்? அது பழைய கதை. என் மகளுக்குக் காது குத்தின நாளில் ஆரம்பித்தது. அவளுக்கு இப்போது கல்யாணம் ஆகி, திருப்பூரில் அவள் பிள்ளைகளே மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எத்தனை வருஷம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குலசாமி கருப்பு. கோயில் எழுமலைக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரையில் இருக்கிறது. அங்கேதான் கிடா வெட்டு, கறிச்சோறு எல்லாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அண்ணன் புது வேட்டி கட்டி, பிள்ளையை மடியில் வைத்து, அது கத்தின கத்தலுக்கெல்லாம் வாழைப்பழம் கொடுத்துச் சமாளித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

காது குத்தின ஆசாரியைப் பஸ் ஏற்றிவிட அண்ணன் சைக்கிளில் போனார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், “பசியோட இருக்காக, பந்தியைப் போடுங்கப்பா” என்று குரல் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன். யாரும் பசித்திருந்தால் பொறுக்க மாட்டார். அந்த நல்ல குணத்தால்தான் எங்களுக்கு இத்தனை வருஷப் பகை.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார வேண்டும். அவர் இலையில் ஈரல் விழ வேண்டும். சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினால் தெரியும்.

அண்ணன் திரும்பி வந்து மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. கரண்டியில் வந்ததெல்லாம் எலும்பு. ஈரல் முதல் பந்தியிலேயே தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் இலையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தவில் வாசித்தவர் கூடக் கையை நிறுத்திவிட்டார். அண்ணன் நேராகக் கோயிலுக்குப் போய்க் கருப்பு கையிலிருந்த அரிவாளைத் தொட்டார்.

“இனிமே இவ வீட்டுல நான் சாப்பிட மாட்டேன். இது கருப்பு மேல சத்தியம்.”

அதற்குப் பிறகு அவர் ஒரு கடமையிலும் குறை வைத்ததில்லை. மகள் சடங்குக்கு முதல் சீர் அவருடையது. கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தது அவர். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த நாளில் என் பக்கத்திலிருந்து நகராமல் நின்றவர் அவர். வருவார், செய்வார், காப்பி குடிப்பார், பசித்த வயிற்றோடு போவார்.

நானும் விட்டேனா? அவர் வரும்போதெல்லாம் தலைவாழை இலை போட்டு, சோறு வடித்து, அயிரை மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பேன். வாசனைக்காவது சத்தியம் உடையாதா என்று ஒரு நப்பாசை. அவர் இலையைப் பார்ப்பார். “வாசனையெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. வாரேன்த்தா” என்று கிளம்பிவிடுவார்.

இந்தத் தடவையும் அதையேதான் செய்தேன். ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாள் காலையிலேயே சோறு வடித்து இலை போட்டேன். கீழே கடையில் ஊர்பட்ட ஜனம் இட்லி தின்றுகொண்டிருக்கிறது. மாடியில் அண்ணனுக்குக் காலங்காத்தால கறிக்குழம்பும் சோறும். பிறந்த வீட்டு மனுஷருக்கு வெறும் இட்லியை வைப்பது மரியாதையா? எங்கள் ஊரில் அப்படி வைத்தால், “அண்ணனுக்கு ஒரு வாய்ச் சோறு போட வக்கில்லையா” என்று கேட்பார்கள். அதனால் இத்தனை வருஷத்தில் அண்ணன் முன்னால் நான் ஒரு இட்லித் தட்டை நீட்டியதே கிடையாது. நீட்ட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

போர்டு எழுத வந்தவர்

இதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடையில் வேறொரு ரகளை நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கடை போர்டு வெயிலில் வெளுத்துப்போனதால் பெயின்டரைக் கூப்பிட்டேன். ஏணியில் ஏறிக்கொண்டே அவர் சொன்னார், “இப்ப போர்டெல்லாம் தமிழ்ல இருக்கணும்ங்கிறாங்கம்மா. டிபன்னு எழுதலாமா, கூடாதா?”

“டிபன் தமிழ்தானய்யா” என்றேன்.

மூலையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த ஜமீலா டீச்சர் சிரித்துவிட்டார். அவருக்குக் காஜிமார் தெருவில் வீடு. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தினமும் காலையில் ஸ்கூட்டியை என் கடை முன்னால் நிறுத்தி, இரண்டு இட்லி தின்றுவிட்டு, மத்தியானத்துக்கும் டப்பாவில் வாங்கிக்கொண்டு போவார்.

“அக்கா, டிபன் இங்கிலீஷ்.”

“அப்ப லண்டன்ல போயி டிபன்னு கேட்டா இட்லி குடுப்பாகளா?”

“இட்லியும் குடுக்க மாட்டாங்க, டிபனும் குடுக்க மாட்டாங்க. அந்தச் சொல்லே இப்ப அவங்களுக்குப் புரியாது. எப்பவோ பேசி எப்பவோ விட்டுட்டாங்க.”

“அது எப்படி? அவுக சொல்ல அவுகளே மறப்பாகளா?”

“மறந்துட்டாங்க அக்கா. அகராதியில பழைய சொல்லுன்னு போட்டு ஓரமா வச்சிருப்பாங்க.”

பெயின்டர் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், “அப்ப சிற்றுண்டின்னு எழுதிரவா?”

எனக்கு வந்ததே கோபம்! “எழுது. எழுதிட்டு, நாளைக்குக் காலையில நீயே இங்க நின்னு பாரு. எவனாச்சும் வந்து, அக்கா சூடா ரெண்டு சிற்றுண்டி வையிங்கன்னு கேட்டா ஒனக்கு ரெட்டைக் கூலி” என்றேன்.

கடை சிரித்தது. பெயின்டர் டிபன் என்றே எழுதினார். ஆனால் எனக்குள் ஒரு அரிப்பு. நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். மிச்சப் படிப்பெல்லாம் பஸ் போர்டில் படித்தது. செக்கானூரணி, உசிலம்பட்டி, எழுமலை என்று எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் கண் பழகியது. இங்கிலீஷ் சொல்லைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லை விற்றுத்தான் நான் மாடி வீடு கட்டினேன். அதன் பிறப்பு வளர்ப்பு எனக்குத் தெரிய வேண்டாமா?

“அதுக்கு அர்த்தம் என்னா டீச்சர்?” என்றேன்.

டீச்சர் சட்னியைத் தொட்டுக்கொண்டே கொஞ்சம் தயங்கினார். “கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க.”

“அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க டிஃப்ங்கிற ஒரு சொல்லு வச்சிருந்தாங்க. ஒரு வாய் குடிக்கிறதுன்னு அர்த்தம்.”

“மோரா?”

“மோர் இல்லக்கா.”

“பின்ன?”

“சரக்கு.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். குடித்துவிட்டு வருகிறவனுக்கு என் கடையில் தண்ணீர்கூடக் கிடையாது. அது இந்த ரோட்டுக்கே தெரியும். ராத்திரி தள்ளாடிக்கொண்டு வந்து முட்டைத் தோசை கேட்டவர்களை வாளித் தண்ணீர் ஊற்றி விரட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவளின் தலைக்கு மேலே, பச்சைப் பெயின்டில், இத்தனை பெரிய எழுத்தில், சரக்கு!

சொந்த ஊர் மறந்த சொல்

டீச்சர் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார்.

நேரத்துக்குச் சாப்பிடுகிற சாப்பாடு தனி. அதற்கு நடுவில், நேரங்கெட்ட நேரத்தில், ஒரு வாய் குடிப்பதற்கும் எதையாவது கொறிப்பதற்கும் அவர்கள் டிஃபிங் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரர்கள், பெரிய சாப்பாட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, மத்தியானத்தில் லேசாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். நம் வெயிலில் வேறு என்ன செய்வார்கள்? அந்த லேசான சாப்பாட்டுக்கு இந்தப் பேரை வைத்துவிட்டார்கள். டிஃபிங் வாயில் தேய்ந்து டிபன் ஆகிவிட்டது. சரக்கு போய்த் தீனி வந்தது. அவர்கள் கப்பலேறிப் போனார்கள். சொல் இங்கேயே தங்கிவிட்டது.

“அந்த டிஃப் எங்கருந்து வந்துச்சு?” என்று கேட்டேன்.

“அது தெரியலேன்னு அகராதிக்காரங்களே கையை விரிச்சுட்டாங்க.”

பாவம், எனக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அப்பன் பேர் தெரியாது. சொந்த ஊரில் அடையாளம் சொல்ல ஆளில்லை. ஆனால் ஆரப்பாளையத்தில் விடிவதற்கு முன்னாலேயே ஆயிரம் வாயில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எழுமலையிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கிய என்னையும் இந்த ஊர் அப்படித்தான் வைத்துக்கொண்டது.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். “நீங்க அந்தச் சொல்ல சரியாத்தான் வச்சிருக்கீங்க அக்கா. சாப்பாட்டுக் கணக்குல வராததுதான் டிபன். நீங்கல்லாம் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கீங்கல்ல? ஒரு வேளைதான் சாப்பாடு, ராத்திரி டிபன்னு சொல்லிக்கிட்டு ஆறு இட்லி தின்னுட்டு அப்பவும் விரதங்கிறீங்க. எங்க நோம்புல அதெல்லாம் செல்லாது. எங்களுக்குத் தண்ணி பட்டாலே போச்சு.”

“ஆறு இல்ல டீச்சர், நான் நாலுதான்” என்றேன். டீச்சர் நம்பவில்லை.

அன்றைக்கு அது சிரிப்போடு போனது. சரக்கு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று டீச்சரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

இலை போடாதே

மறுபடியும் பஸ் நின்ற காலைக்கு வருகிறேன்.

அண்ணன் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பஸ் இன்னும் ஒரு எட்டு வந்திருந்தால், மதினிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இனி ஒரு நேரம்கூட இவரை அந்த ரோட்டைத் தாண்ட விடக் கூடாது. அது மட்டும்தான் மனதில் ஓடியது. ஆனால் பயத்தை நான் கோபமாகத்தான் காட்டுவேன். அது என் சுபாவம்.

“கண்ணுதான் போச்சுன்னா புத்தியுமா போச்சு? அந்தக் கடையில அப்பிடி என்ன தங்கத்தையா உருக்கி ஊத்துறான்?”

“கத்தாத. ஆளுக பாக்குறாக.”

“பாக்கட்டும்! பஸ்ஸே பாத்துச் சிரிச்சிருச்சு, இனி யாரு பாத்தா என்ன?”

“சத்தியம் சத்தியந்தான். கருப்புகிட்ட வெளையாட முடியுமா?”

“கருப்பு ஒன்னைய பஸ்ல விழுந்து சாகச் சொன்னாரா?”

அண்ணனுக்கும் சூடு ஏறிவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “என்னமோ நான் அங்க போயி விருந்து சாப்பிட்ட மாதிரி பேசுற. நான் இன்னும் சாப்பிடவே இல்ல. ஒரு டிபன் திங்கப் போனதுக்கு இம்புட்டு ரகளையா?” என்றார்.

மூலையில் டப்பாவை மூடிக்கொண்டிருந்த ஜமீலா டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

நான் குரலை இறக்கினேன். என் குரல் இறங்கினால்தான் ஆட்கள் பயப்பட வேண்டும்.

“என்னண்ணே சொன்ன? இன்னும் சாப்பிடலையா?”

“இல்ல.”

“எதிர்த்த கடையில?”

“ரெண்டு இட்லி. அதெல்லாம் சாப்பாடா?”

“கருப்புகிட்ட என்னன்னு சத்தியம் பண்ணுன?”

“ஒன் வீட்டுல சாப்பிட மாட்டேன்னு.”

“நான் ஒன்னையச் சாப்பிடச் சொல்லலயே. டிபன் தின்னு.”

அண்ணன் “அது... அதுவும் அதுதானத்தா” என்று இழுத்தார்.

“இப்பத்தான அது சாப்பாடில்லேன்ன? டீச்சர், நீங்க படிச்சவுக, சொல்லுங்க.”

டீச்சர் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றார். “நெசந்தான் அண்ணே. ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல ஒரு வாய் எடுத்துக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு. அந்தச் சொல்லு பொறந்ததுல இருந்தே அப்படித்தான். சாப்பாட்டுல சேராது.”

“ஒரு வாய்னா, எதை?”

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். நான்தான் மானத்தை விட்டுச் சொன்னேன்.

“சாராயம்ணே.”

அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார். “ஏத்தா பேச்சி! ஒரு சொட்டு வாடை வந்தாலே வாளியத் தூக்குவியே! ஒன் போர்டுலயா சாராயம்?”

“சிரிக்காத, கண்ணுக்கு ஆகாது” என்று அதட்டினேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி முறுக்கிக்கொண்டார். எங்கள் வீட்டு ஆட்கள் அவ்வளவு லேசில் இறங்க மாட்டார்கள். “அதெல்லாம் வெள்ளைக்காரன் சொன்னது. கருப்புக்கு எப்பிடிச் செல்லும்? கருப்பு இங்கிலீஷா படிச்சிருக்காரு?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது.

“கருப்புக்கு என்ன படைக்கிறோம்ணே?”

“கிடா.”

“அது அவரு சாப்பாடு. கிடாய்க்கு முன்னால என்ன வைக்கிறோம்?”

“சுருட்டும் சாராயமும்.”

“அதைக் குடிச்சிட்டு, எனக்குச் சாப்பாடு ஆயிருச்சு, கிடா வேணாம்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்காரா?”

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அப்ப அது அவருக்கு டிபன். நீ சொல்லு, கருப்புக்கு டிபன் தெரியுமா, தெரியாதா?”

பின்பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வேலைக்காரம்மா கைதட்டினார். பரோட்டா மாஸ்டர் வெளியே வந்து, “அண்ணே, ஒத்துக்கங்கண்ணே” என்றார். டீச்சருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் ஸ்கூட்டி சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணைத் தொடாமல் பார்த்துத் துடைத்தார். பிறகு மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார்.

“எலை போடாத. எலை போட்டா சாப்பாடு ஆயிரும்.”

“போடல.”

“தட்டுல வை. சோறு கண்ணுல படக் கூடாது.”

“படாது.”

“ஒக்காந்து திங்க மாட்டேன். ஒக்காந்தா பந்தி மாதிரி ஆயிரும். நின்னுக்கிறேன்.”

“நில்லு.”

“இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்கன்னு உபசாரம் பண்ணாத. நானாக் கேட்டா வை.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நிபந்தனையும் அந்த நிமிஷத்தில் யோசித்துச் சொன்னதல்ல. ஒவ்வொன்றும் நன்றாகத் தேய்ந்து பதமாக இருந்தது. இந்த மனுஷன் எத்தனையோ வருஷமாக எழுமலையில் படுத்துக்கொண்டு, எந்தச் சந்து வழியாக என் வீட்டுக்குள் நுழையலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான்தான் மரியாதை மரியாதை என்று அந்தச் சந்தில் தலைவாழை இலையைப் போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

எவர்சில்வர் தட்டில் நாலு இட்லி வைத்தேன். ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. தேங்காய்ச் சட்னி, மல்லிச் சட்னி, மேலே சாம்பார். அண்ணன் சுவரோரமாக நின்றுகொண்டு ஒரு விள்ளல் பிய்த்தார். பிய்த்தார் என்றுகூடச் சொல்லக் கூடாது. விரலை வைத்தார், அது வந்தது.

மென்றார். விழுங்கினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “எப்பிடி இருக்கு?”

“இருக்கு.”

“இருக்குன்னா?”

“எதிர்த்த கடையில சட்னி கொஞ்சம் காரமாக் குடுப்பான்.”

கரண்டியை ஓங்கினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, “அக்கா, அவரு நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு, கவலைப்படாதீங்க” என்று கத்திவிட்டுப் போனார்.

நாலு இட்லி போனது. உபசாரம் பண்ணக் கூடாது என்பதால் நான் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு வைத்தேன். மறுபடி தட்டினார். ஒரு வடை வைத்தேன். பொங்கல் பானையை லேசாகத் திறந்து வைத்தேன். வாசனைக்கு நிபந்தனை எதுவும் போடவில்லையே!

அந்த நேரத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எழுமலையிலிருந்து மதினி. காது கொஞ்சம் மந்தம் என்பதால் மதினி பேசினால் போனிலிருந்து கடைக்கே கேட்கும்.

“கண்ணு எப்பிடி இருக்கு? சாப்டீகளா?”

அண்ணன் மீசையில் சட்னி ஒட்டியிருந்தது. வாயில் பாதி வடை இருந்தது. அதை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, ரோட்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“பேச்சி வீட்டுல நான் எங்க புள்ள சாப்பிடுறது? சத்தியத்தை மீற முடியுமா?”

சொல்லிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் என் தோசைக் கல்லைப் பார்த்தார்.

“ஏத்தா, அந்த ஓரத்துல முறுகலா ஒண்ணு கெடக்குதே, அத இப்பிடிப் போடு.”